பட்டிப்பளை ஆற்றின் மின்னகம்

கிழக்கிலங்கையின் ஆறு ஒன்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஊவா மலைகளில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 108 கிலோமீற்றர் தூரம் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலோடு கலக்கும் அந்த ஆற்றைச் சிங்கள மக்கள் கல்ஓயா என்கின்றனர். மட்டக்களப்புத் தமிழகத்தின் வாய்வழக்கிலோ அது பட்டிப்பளை ஆறு. அரசாங்கத்தின் வரைபடத்தில் முதற்பெயரே நிலைபெற்றது. பள்ளிப் பிள்ளைகளும் அதனையே படிக்கின்றனர். பெயரைப் பற்றிச் சண்டையிடுவது நம் நோக்கமன்று. ஆனால், ஓர் ஆற்றின் பெயர் மாறும்போது அந்த ஆற்றோடு வாழ்ந்தவர்களின் கணக்கும் எங்கோ ஓரிடத்தில் மாறியிருக்கிறது என்பதை வரலாறு படிப்பவர்கள் கவனியாமல் இருக்க முடியாது.

இந்த ஆறு மலையடிவாரத்தை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாயிலில், இங்கினியாகலை என்னும் இடத்தில், மண்ணாலும் கல்லாலும் ஆன பேரணை ஒன்று நிற்கிறது. அதன் நீளம் 3,600 அடி. உயரம் சுமார் 140 அடி. அணைக்குப் பின்னால் கிடப்பது இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகிய சேனநாயக்க சமுத்திரம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 95 கோடி கன மீற்றர்; பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தைப் போல் ஏழு மடங்கு என்று கொள்ளலாம். அணையைக் காணச் செல்வோர் நீர்ப்பரப்பின் விரிவையும், மாலைவேளையில் கரைக்கு வரும் யானைகளையும் கண்டு திரும்புகின்றனர். அணையின் காலடியில் இருக்கும் மின்னகத்தை நின்று பார்ப்பவர் சிலரே. நாம் இங்கே பேச விரும்புவது அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான்.

கட்டடக்கலை என்றவுடன் கோபுரமும் தாதுகோபமும் கோட்டையுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு, வாவியின் நடுவே புளியந்தீவில் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையும், 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலமும் நினைவுக்கு வரலாம். நீர்மின் நிலையத்தையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கக் கூடும். ஆயினும், மின்சாரம் பிறந்த காலத்தில் அதனைப் பெற்றெடுத்தவர்கள் அவ்வாறு நினைக்கவில்லை. 1895இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் ஆற்றலை எடுக்க அமைத்த மின்னகத்தை வரைந்தது, நியூயோர்க்கின் செல்வர் மாளிகைகளை வரைந்த அதே கட்டடக் கலைஞர் குழு. முதலாளிகள் தங்கள் புதிய தெய்வத்துக்கு மாளிகை கட்டினார்கள். சோவியத் நாட்டில் 1932இல் திறக்கப்பட்ட தினீப்பர் மின்நிலையத்தை வரைந்தவர்களுள் தலையானவர் விக்தர் வெஸ்னின் என்னும் புதுமைக் கலைஞர். ஒரு புதிய சமுதாயம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக அது எண்ணப்பட்டது. 1941இல் பகைவர் கையில் சிக்காதிருக்க, சோவியத் படையே அதனை வெடிவைத்துத் தகர்த்தது. மின்னகத்தின் சுவர், அதனைக் கட்டியவன் யாருக்காகக் கட்டினான் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறது.

இங்கினியாகலையில் அத்தகைய மாளிகைத் தோற்றத்தைத் தேடிச் செல்பவன் ஏமாறுவான். அங்கே கண்டு வியக்க வேண்டிய கலை நீரை நடத்தும் கலையாகும். அதனை விளங்கிக்கொள்ள நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பழைய இலங்கையின் குளங்கட்டிகளுக்கு ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. ஆழமான குளத்தின் அடியிலிருந்து நீரைத் திறந்துவிட்டால், மேலேயுள்ள நீரின் பாரம் முழுவதும் துருசு வாயிலில் வந்து முட்டும். கதவு தூக்க வராது; தூக்கினாலோ பாய்ந்து வரும் நீர் கட்டையே அரித்துக்கொண்டு போய்விடும். இதற்கு அவர்கள் கண்ட விடைதான் சிங்களத்தில் பிசோகொட்டுவ எனப்படும் கற்கிணறு. குளக்கட்டின் உட்சரிவிலே சதுரமாகக் கல்லடுக்கி, நீர் முதலில் அக்கிணற்றுக்குள் புகுந்து, வேகம் தணிந்து, பின்பு அடக்கமாக வாய்க்காலுக்குச் செல்லுமாறு அமைத்தார்கள். ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேய நீர்ப்பாசன எந்திரி, பண்டை இலங்கையைப் பற்றி 1909இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவில் வெகுகாலத்துக்குப் பின்பு வந்த அடைப்புக் கிணறுகளுக்கு இதுவே முன்னோடி என வியந்து எழுதினார்.

ஆக, பழைய துருசின் வேலை நீரின் வலிமையைக் கொன்றுவிடுவதே. அந்த வலிமை வயலுக்கு வேண்டாதது, ஆபத்தானது. புதிய மின்னகம் அதே இடத்தில், அதே நீரை, வேறு விதமாக நடத்துகிறது. கிணற்றில் மோதி வீணாகிய வேகத்தைக் குழாய்க்குள் அடைத்து, சுழலியின் இறகுகளில் மோதவிட்டு, அந்தச் சுழற்சியால் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. வேலை முடிந்ததும் வேகம் தணிந்த நீர், பழைய நாளிற் போலவே, வாய்க்காலை நோக்கிச் செல்கிறது. விநாடிக்கு ஒரு கன மீற்றர் நீர் 30 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால், இழப்புகளைக் கழித்து, ஏறத்தாழ 250 கிலோவாற்று மின்வலு கிடைக்கும். அதே நீர் அடுத்த நாள் ஒருவனுடைய வயலில் நிற்கும். ஒரு துளி நீரும் குறைவதில்லை. பிசோகொட்டுவவைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத கற்றச்சன் இதனைக் கண்டிருந்தால், தன் வேலையை ஒருவன் எடுத்து முடித்திருக்கிறான் என்று உடனே உணர்ந்திருப்பான்.

நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று இலங்கையிலே இடையறாது வாதாடியவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912இல் நுவரெலியா நகரின் விளக்குகளுக்காக பிளக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தவர் அவர். 1918இல் எந்திரிகள் சங்கத்தின் முன்னே வைத்த ஆய்வுரையில், மகாவலியின் கிளையாறுகளும் களனியின் கிளையாறுகளும் இந்நாட்டின் தொழில்களையும் புகையிரதங்களையும் இயக்க வல்லவை என்று கணக்கோடு காட்டினார். வெள்ளைத்துரைமார் இதனை ரசிக்கவில்லை. எண்ணெயும் நிலக்கரியும் விற்றுக் கொழுப்போருக்கு, மலையிலிருந்து இலவசமாக இறங்கும் நீர் எப்படி இனிக்கும்? 1924இல் தொடங்கிய லக்ஷபான வேலை இடையில் கைவிடப்பட்டது. மனம் வெதும்பிய எந்திரி 1931இல் சட்டசபைக்கே சென்று வாதாடினார். லக்ஷபான முதன்முதலில் மின்சாரம் தந்தது 1950இல். அவர் மறைந்தது 1953இல். ஒரு மனிதனின் வாழ்நாளில் பாதி ஒரே கோரிக்கையில் கழிந்தது.

லக்ஷபான தேயிலை மலைகளின் கதை. மட்டக்களப்பின் கதை நெல்லோடு சம்பந்தப்பட்டது. பட்டிப்பளை ஆற்றை அடக்கி வயல் செய்வது புதிய எண்ணமன்று. 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் வந்ததன் பின், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டன. போடிமாரின் பெருவயல்களும், அவற்றிலே உழைத்த முல்லைக்காரரின் வறுமையும் ஒருசேர வளர்ந்த காலம் அது. ஆனால் ஆறு முழுவதையும் மறிக்கும் துணிவும் பணமும் எந்திரங்களும் சுதந்திரத்துக்குப் பின்பே வந்தன. 1949இல் நிறைவேறிய சட்டம் ஒன்றின்படி கல்ஓயா அபிவிருத்திச் சபை தோன்றியது. அணை வேலையை மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பெனி ஏற்றது. மண்வாரி எந்திரங்கள் இங்கினியாகலைக் காட்டுக்குள் நுழைந்தபோது, மாட்டு வண்டியையும் மண்வெட்டியையுமே அறிந்த மக்கள் அதிசயித்து நின்றனர் என்றால் அதில் மிகையில்லை. 1950களின் தொடக்கத்தில் அணை எழுந்துவிட்டது.

சபைக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்காவில் 1933இல் பிறந்த தென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கு அதிகார சபை. இங்கே கட்டடக்கலை மறுபடியும் வருகிறது. தென்னசிச் சபையின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர் ஹங்கேரியில் பிறந்த ரோலண்ட் வாங்க். அணையும் மின்னகமும் மக்களின் உடைமை, எனவே மக்கள் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வீண் அலங்காரத்தை நீக்கி, நேர்கோடுகளால் கட்டி, எந்திர மண்டபத்தைப் பார்வையாளருக்குத் திறந்து வைத்தார். இது மக்களுக்காகக் கட்டப்பட்டது என்ற வாசகம் அந்த அணைகளிலே பொறிக்கப்பட்டது. பாராட்டத்தக்க வாசகந்தான். ஆனால் 1936இல் முடிந்த நோரிஸ் அணையைக் கட்டிய தொழிலாளருக்கென எழுந்த நோரிஸ் என்ற மாதிரி நகரிலே கறுப்பின மக்களுக்குக் குடியிருக்க இடமில்லை. மக்கள் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதைச் சுவரிலே பொறிப்பது கிடையாது.

முன்மாதிரியைக் கடன்வாங்கிய நாம் அதன் நோயையும் சேர்த்தே வாங்கினோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. நீர் பரவிய நிலத்திலும் அதனைச் சூழ்ந்த காட்டிலும் வேட்டையாடித் தேன் எடுத்து வாழ்ந்தவர்கள் வேடர்கள். காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. எஞ்சியதில் பெரும்பகுதி 1954இல் தேசிய வனமாகியது. யானைக்குப் புகலிடம் கிடைத்தது. வேடனுக்கு வில்லை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்கும்படி கட்டளை கிடைத்தது. நீர் பாயும் நிலத்திலே குடியேற்றங்கள் எழுந்தன. கண்டி, கேகாலை போன்ற நெருக்கமான மாவட்டங்களின் நிலமற்ற சிங்கள உழவர்கள் பெருந்தொகையாக வந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் குடியேறினர். ஆயினும், வாய்க்காலின் தலைப்பகுதி பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்களாகவும், கடைப்பகுதி பெரும்பாலும் தமிழரதும் முஸ்லிம்களதுமாகவும் அமைந்தது. நிலமற்ற ஏழைக்கு நிலம் கிடைப்பதை எந்த முற்போக்காளனும் எதிர்க்கமாட்டான். ஏழைகளை இனவாரியாக அடுக்கி வைத்த அரசியலையே நாம் குறை கூறுகிறோம்.

அந்த அடுக்கின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1956 ஜூன் மாதம் 5ஆம் நாள் தனிச்சிங்களச் சட்ட மசோதா பாராளுமன்றத்திலே வைக்கப்பட்டது. கொழும்பில் தொடங்கிய வன்செயல் சில நாட்களில் கல்ஓயாப் பள்ளத்தாக்குக்குப் பரவியது. அங்கே நூற்றுக்கும் அதிகமான தமிழர் கொல்லப்பட்டனர். 1958 கலவரத்தைப் பற்றி நூல் எழுதிய சிங்களப் பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி, கல்ஓயாவில் நடந்ததையும் அதிலே குறிப்பிட்டுள்ளார். அரசாங்க வாகனங்களும் மண்வாரி எந்திரங்களும் வெடிமருந்தும் கலகக்காரரின் கையிற் சிக்கின என்பது அவர் தரும் செய்தி. மலையைப் பிளந்து ஆற்றை மறிக்க வந்த கருவிகள் மனிதரைத் துரத்தப் பயன்பட்டன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாகியது. அணையும் மின்னகமும் அதற்குள் அடங்கின. ஒரே ஆற்றின் நீரைக் குடித்த ஊர்கள் இரண்டு கச்சேரிகளின் கீழ் வந்தன.

மின்னகம் தொழிற்படத் தொடங்கிய ஆண்டாக மின்சாரப் பதிவேடுகள் தருவது 1963. நான்கு எந்திரங்கள்: இரண்டு 2.475 மெகாவாற்று வீதம், இரண்டு 3.15 மெகாவாற்று வீதம், மொத்தம் 11.25 மெகாவாற்று. நுரைச்சோலையின் அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று வலுவுடையது. அதன் பக்கத்தில் இங்கினியாகலை குத்துவிளக்கின் முன் அகல்விளக்குத்தான். 1965இல் அபிவிருத்திச் சபையின் இடத்துக்கு ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபை வந்தது. 1969இல் பிறந்த மின்சார சபையின் கைக்கு மின்னகம் போய்ச் சேர்ந்தது. பெயர்ப்பலகைகள் மாறின; சுழலிகளைச் சுழற்றிய நீர் மாறவில்லை.

சிறிய நிலையந்தான், ஆனால் அதனிடம் ஒரு தனிக்குணம் உண்டு, அது நம் கவனத்துக்கு உரியது. லக்ஷபான போன்ற மலைநாட்டு மின்நிலையங்களிலே மின்தேவை கட்டளையிடும், நீர் கீழ்ப்படியும். மாலையில் நகரங்கள் விளக்கேற்றும்போது கதவு திறக்கும், நள்ளிரவில் மூடும். இங்கினியாகலையிலோ எசமான் வயலே. உழவனுக்கு நீர் வேண்டும்போதுதான் துருசு திறக்கும். துருசு திறக்கும்போதுதான் சுழலி சுழலும். வாடைக்காற்று மழை கொட்டி, வயல்கள் தானாகவே நிரம்பிக் கிடக்கும் நாட்களில் கீழே நீர் கேட்பாரில்லை, மின்னகம் ஓய்ந்திருக்கும். வெயில் கொளுத்தும் சிறுபோகத்தில், நெல் வாடத் தொடங்கும்போது, எந்திரங்கள் இரவும் பகலும் பாடுபடும். மின்சாரத்தின் ஆண்டுக்கணக்கைப் பார்த்தே வயலின் பருவத்தைச் சொல்லிவிடலாம். மின்னாக்கியை நாற்றுக்கு அடங்கி நடக்கச் செய்த இந்த ஏற்பாட்டில், பொறியியலைக் காட்டிலும் பழைய வட்டவிதானையின் அறிவே மேலோங்கி நிற்பதாக நமக்குப் படுகிறது. எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு என்பதே அவனுடைய சாத்திரம்.

ஆனால் அந்தச் சாத்திரத்தைக் காப்பாற்ற ஆளில்லாமற் போயிற்று. இடதுகரை வாய்க்காலை நம்பி ஏறத்தாழ 65,000 ஏக்கர் வயல் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாய்க்கால்கள் தூர்ந்தன, கதவுகள் உடைந்தன, உடைக்கவும் பட்டன. தலைப்பகுதியான் தேவைக்கு மேல் பாய்ச்சினான். கடைப்பகுதியான் வரண்ட வாய்க்காலைப் பார்த்து நின்றான். தலைப்பகுதியான் சிங்களவன், கடைப்பகுதியான் தமிழன் என்பதால், தண்ணீர்த் தட்டுப்பாடு இனப்பகையாகவே பேசப்பட்டது. நீர்ப்பாசனப் பகுதியினரோ, இந்நாட்டிலேயே ஒழுங்கு கெட்ட திட்டம் இதுதான் என்று கைவிரித்தனர். உழவர்கள் ஒன்றுபடமாட்டார்கள் என்பது அவர்கள் முடிவு. அலுவலகத்தில் இருந்துகொண்டு உழவனைப் பற்றி முடிவு கட்டுவது எக்காலத்திலும் எளிது.

1981இல் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டம் பெற்று வேலையற்றிருந்த இளைஞரையும் யுவதிகளையும் பயிற்றி, இடதுகரைக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் கட்டளையிடச் செல்லவில்லை. வீடு வீடாகச் சென்று கேட்டார்கள், ஒரே வயல்வாய்க்காலில் நீர் எடுப்போரைக் கூட்டிப் பேச வைத்தார்கள். அவ்வாண்டு சமுத்திரத்தில் கால்வாசி நீரே கிடந்தது. சண்டை மூள்வதற்கு அதைவிட நல்ல ஆண்டு வேண்டாம். ஆனால் நடந்தது வேறு. சில வாரங்களிலேயே உழவர்கள் ஆண்டுக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் தாமே வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழே இருந்தவர்களுக்கு விட்டனர். கீழே இருந்தவர்களுள் தமிழரும் இருந்தனர். இந்த வேலையில் உடன்நின்ற நோமன் அப்ஹோஃப் என்னும் பேராசிரியர் பின்னாளில், 1992இல், இதனை ஒரு நூலாகவே எழுதினார்.

வெளியார் பணமும் ஊக்கமும் இருந்தவரை ஆடிய ஆட்டம் என்று இதனை ஒதுக்குவோர் உண்டு. அவர்களுக்காக 1997ஐயும் சொல்லவேண்டும். திட்டம் முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் போரின் நடுவே கிடந்தன. அவ்வாண்டு சிறுபோகத்துக்குச் சமுத்திரத்தில் நீர் போதாது, 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கர் வரையே செய்யலாம் என்று எந்திரிகள் கணக்கிட்டனர். யாருக்கு அந்தப் பதினையாயிரம்? தலைப்பகுதிக்கு என்பதே வழக்கமான விடை. உழவர் சங்கங்கள் அந்த விடையை ஏற்கவில்லை. இருக்கிற நீரை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு, முழு நிலத்தையும் செய்து பார்ப்போம் என்றன. தலைக்கும் கடைக்கும் ஒரே அளவு. அவ்வாறே செய்தனர். சிங்கள உழவனும் தமிழ் உழவனும் முஸ்லிம் உழவனும் அந்தச் சிறுபோகத்தில் நல்ல விளைவையே எடுத்தனர். போர்ச்செய்திகளால் நிறைந்திருந்த நம் பத்திரிகைகளில் இந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அந்தச் சிறுபோகத்திலும் நீர் வயலுக்கு வந்த வழி பழைய வழிதான். முறைநாளில் துருசு திறந்தது. மின்னகத்துள் சுழலி சுழன்றது. எங்கோ சில வீடுகளில் விளக்கு எரிந்தது. பின்பு நீர் இடதுகரை வாய்க்காலில் இறங்கி, உகணைப் பக்கத்துக் குடியேற்றங்களைக் கடந்து, வடக்கே நவகிரி ஆற்றுப் பக்கமாகப் படுவான்கரையின் வயல்களை எட்டியது. வயல் குடித்த மிச்சம் வடிச்சலாக இறங்கி மண்டூர்ப் பக்கத்தில் வாவியோடு சேர்ந்தது. அங்கே வலை வீசும் மீன்பிடிகாரர் அந்த நீரை இங்கினியாகலையின் நீரென்று சொல்வதில்லை. மழையில்லாத கோடையிலே வாவியில் உப்புத் தணிந்து நீர் சற்று உயர்ந்தால், மேலே வயலில் கட்டவிழ்த்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லுவர்.